முகமும் முகவரியும்

சிசிலித் தீவின் தலைநகரம் பலெர்மோ. அங்கே லா காலா என்கிற பழைய படகுத்துறையை ஒட்டி, கப்பல் படிப்புக்கான பள்ளி ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் பல மாடி உயரத்துக்கு இரண்டு ஆண்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். தலைகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஏதோ ஒரு கூட்டத்தில், மேடையில் யார் என்ன பேசுகிறார்கள் என்ற கவலை இல்லாமல், நண்பர்கள் இருவர் தமக்குள் கிசுகிசுத்துக்கொண்ட கணம். ஒருவர் ஜொவான்னி ஃபால்கோனே, மற்றவர் பாவ்லோ போர்செல்லினோ. 400க்கும் மேற்பட்ட மாஃபியாக்காரர்களை ஒரே வழக்கில் கூண்டில் ஏற்றிய நீதித்துறையினர். 1992 மார்ச்சில் டோனி ஜென்டிலே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த படம் அது. எடுத்து நான்கு மாதம் ஆவதற்குள் இருவரும் குண்டுவெடிப்புகளில் கொல்லப்பட்டார்கள். 25 ஆண்டுகள் கழித்து, 2017இல், ரோஸ்க், லோஸ்தே என்று கையெழுத்திடும் இரண்டு வீதி ஓவியர்கள் அந்தப் படத்தைச் சுவருக்குக் கொண்டுவந்தார்கள்.

வீதி ஓவியம் பார்ப்பதற்கென்றே பலெர்மோவுக்குப் போகிறவர்கள் இன்று ஏராளம். 1943இல் குண்டு விழுந்து இடிந்த வீடுகளைப் பல பத்தாண்டுகள் அப்படியே போட்டுவைத்திருந்த நகரம் அது. கூரை போய்ச் சுவர் மட்டும் நின்ற கட்டடங்கள், பல்லரோ சந்தையைச் சுற்றிய சந்துகள், நகர விளிம்பில் அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகள் எல்லாம் ஓவியர்களுக்கு வாய்த்தன. அவற்றில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்படும் சுவர்களுள் ஒன்று இந்தச் சிரிப்பு. பார்த்தால் மனம் இளகத்தான் செய்யும். எனக்கும் இளகியது. அதற்குப் பிறகுதான் கணக்குப் பார்க்கத் தோன்றியது.

1992 மே 23. விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் நெடுஞ்சாலையில், கபாச்சி என்ற ஊருக்குப் பக்கத்தில், சாலைக்கு அடியில் வைத்த வெடி ஃபால்கோனேயின் காரைச் சிதைத்தது. அன்று காரை அவரே ஓட்டினார். முன் இருக்கையில் அவர் மனைவி. ஓட்டுநர் பின் இருக்கைக்குப் போனார், பிழைத்தார். முன்னால் இருந்த இருவரும் பிழைக்கவில்லை; பாதுகாப்புக்கு வந்த மூன்று காவலர்களும் இறந்தார்கள். 57 நாட்கள் கழித்து, ஜூலை 19 அன்று, தாயைப் பார்க்கப் போன போர்செல்லினோ அந்த வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார். அவரோடு ஐந்து காவலர்கள். அவர்களில் எமானுவேலா லோய் ஒருவர். வயது 24. சார்டினியாவிலிருந்து வந்தவர். பணியில் இருக்கும்போது கொல்லப்பட்ட முதல் இத்தாலியப் பெண் போலீஸ் என்று அவரைச் சொல்வார்கள்.

ஃபால்கோனேயின் மனைவி என்று மேலே எழுதினேனே, அவருக்குப் பெயர் உண்டு: ஃபிரான்செஸ்கா மொர்வில்லோ. அவரும் நீதித்துறை அதிகாரிதான். சிறார் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் நீண்ட காலம் பணியாற்றி, பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனவர். இத்தாலியில் பெண்கள் நீதிபதியாகலாம் என்று சட்டம் வந்ததே 1963இல்தான். அந்தக் கதவு திறந்ததும் உள்ளே நுழைந்த முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர். மாஃபியா கொன்ற ஒரே இத்தாலியப் பெண் நீதிபதியும் அவர்தான். ஆனால் பொது நினைவில் அவர் 'கணவரோடு இறந்தவர்'. பிரிந்திசி நகரத்தில் அவர் பெயரில் இருக்கும் பள்ளியில்கூட 'மொர்வில்லோ'வுக்குப் பின்னால் 'ஃபால்கோனே' ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2015இல் ஃபால்கோனேயின் உடலைச் சிசிலியின் பெருமக்கள் துயிலும் சான் டொமினிக்கோ தேவாலயத்துக்கு மாற்றினார்கள். மொர்வில்லோ சாந்த் ஓர்சோலா கல்லறைத் தோட்டத்திலேயே இருக்கிறார். யார் எங்கே அடக்கமாக வேண்டும் என்பது குடும்பங்களின் விஷயம், அதில் நாம் தலையிட வேண்டாம். ஒரு நாடு யாரைப் பெருமக்கள் வரிசையில் கிடத்துகிறது என்பது நம் விஷயம்தான்.

இந்த இடத்தில் பெண்ணியவாதிகளான நம் நாக்கு நுனியில் ஒரு கோரிக்கை தயாராக வந்து நிற்கும்: அவர்களையும் வரையுங்கள். நியாயமான கோரிக்கை. ஓவியர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் ஒரு புகைப்படத்தை வரைந்தார்கள், அந்தப் புகைப்படத்தில் இருவர்தான் இருந்தார்கள். ஆனால் ஆயிரம் புகைப்படங்களில் இதை ஒரு தேசத்தின் நெஞ்சில் பதியவைத்தது எது? வீரம் என்றதும் இரண்டு ஆண்களின் தோழமை நமக்கு உடனே புரிந்துவிடுகிறது. மகாபாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே துறையில் வேலை பார்த்து, ஒரே ஆபத்தைத் தெரிந்தே ஏற்று, ஒரே காரில் போன ஆணும் பெண்ணும் என்றால் அந்தப் படத்தில் வீரம் அவருக்குப் போகிறது, அவளுக்குத் 'துணை' மிஞ்சுகிறது.

வரையுங்கள் என்று கேட்பதற்கு முன்னால், ஏற்கெனவே சுவரேறிய பெண்களை ஒரு சுற்றுப் பார்த்துவிடலாம்.

பலெர்மோவின் சுவர்களில் பெண் புதியவள் அல்ல. தெருமுனை மாடங்களில் மாதா நூற்றாண்டுகளாக நிற்கிறாள். அவளுக்கு அடுத்து, நகரத்தின் காவல் தெய்வம் சாந்தா ரொசாலியா. 12ஆம் நூற்றாண்டில் பிரபு வீட்டில் பிறந்த பெண் என்றும், கல்யாணம் வேண்டாம் என்று மொண்டே பெல்லெக்ரினோ மலைக்குகைக்குத் தனியே போய் அங்கேயே இறந்தாள் என்றும் கதை. 1624இல் கொள்ளைநோய் ஊரை வாரிக்கொண்டிருந்தபோது, அந்தக் குகையில் கிடைத்த எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் நின்றதாகச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூலையும் அவளுக்குப் பெருவிழா. இன்றைய வீதி ஓவியர்களும் தலையில் ரோஜா மாலையோடு அவளை விதவிதமாக வரைகிறார்கள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று மலையேறியவள், ஊரிலேயே அதிகம் பார்க்கப்படும் பெண்ணாகிவிட்டாள். எனக்கு இதில் ஒரு சிரிப்பும் உண்டு, கொஞ்சம் நடுக்கமும் உண்டு.

அந்த மலையேறும் கூட்டத்தில் நம் பெண்களும் இருக்கிறார்கள். 1980களிலிருந்து இலங்கையை விட்டு வந்த தமிழர்கள் பலெர்மோவில் கணிசமாக வாழ்கிறார்கள். இந்துக்களாக இருந்தாலும் ரொசாலியாவை அம்மனைப் போலக் கும்பிட்டு, நேர்த்தி வைத்து மலையேறுவது அங்கே வழக்கமாகிவிட்டது. போருக்குத் தப்பி வந்தவர்கள், கொள்ளைநோயை நிறுத்தியவளிடம் போகிறார்கள். அதில் வியக்க எதுவும் இல்லை.

புனிதைக்கு அடுத்த இடம் தாய்க்கு. நகரத்தின் கிழக்கோரத்தில் ஸ்பெரோனே என்ற ஏழைக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே இகோர் ஸ்காலிஸி பால்மின்தேரி என்ற ஓவியர் 2020இல் ஓர் அடுக்குமாடிச் சுவரில் குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்ணை வரைந்தார். சிசிலி மொழியில் அதற்கு 'இரத்தமும் பாலும்' என்று பெயர். தாய்ப்பால் கொடுப்பதை ஊக்குவிப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அழகான ஓவியம். அந்த ஓவியரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. பல்லரோ சந்தைப் பக்கம் கறுப்பினப் புனிதர் பெனெதெத்தோவை வரைந்து, குடியேறிகள் நிறைந்த அந்தத் தெருவுக்கு அதன் முகத்தையே காட்டியவரும் அவர்தான். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. வேலையும் இல்லாமல் ஒழுங்கான பேருந்தும் இல்லாமல் இருக்கும் ஒரு குடியிருப்பில், பெண்ணுக்கு ஒரு கட்டட உயரத்தில் அறிவுரை கிடைக்கிறது. வசதியான தெருவில் வசிப்பவளிடம் 'நீ நல்ல தாயாக இரு' என்று எந்தச் சுவரும் சொல்வதில்லை. பால் சுரக்க வேண்டுமானால் தாய்க்குச் சோறு வேண்டும், தூக்கம் வேண்டும், விடுப்பு வேண்டும். அதைச் சொல்லும் சுவரை எங்கே வைப்பது? நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே வைக்கலாம் என்று தோன்றுகிறது.

மூன்றாவது உருவம் சிறுமி. இந்த நகரத்தின் சிறுமிகளை உலகத்துக்குக் காட்டியவர் லெட்டீசியா பட்டாலியா. 1970களிலிருந்து 'லோரா' நாளிதழுக்காக மாஃபியாக் கொலைகளைப் படம்பிடித்தவர். தெருவில் கிடந்த பிணங்களுக்கு நடுவில் ஆண் காவலர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் நின்றவர். 1980இல் அவர் எடுத்த, கையில் பந்தோடு நேராக நம்மை முறைக்கும் சிறுமியின் படம் பலெர்மோவின் அடையாளங்களில் ஒன்று. அதே பட்டாலியா 2020இல் ஒரு சொகுசுக் கார் நிறுவனத்துக்காகச் சிறுமிகளையும் மஞ்சள் காரையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்தபோது பெரிய சண்டை வந்தது. பலெர்மோ நகரமே என் சிறுமிகள்தான் என்ற அவருடைய பழைய நம்பிக்கை விளம்பரமாகியிருப்பதை அவர் உணரவில்லை என்றார்கள் விமர்சகர்கள். நகர மேயர் அந்தப் படங்களைத் திரும்பப் பெறச் சொன்னார். பட்டாலியாவை நான் தூக்கிலேற்ற மாட்டேன், அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் அவர் கைகூடச் சறுக்கக்கூடிய இடம் அது என்பதைக் கவனிக்க வேண்டும். பெண் முகத்தைப் பெரிதாக்கிய மறுகணமே அது எதற்காவது அடையாளமாகிவிடுகிறது: நகரத்துக்கு, நம்பிக்கைக்கு, அப்பாவித்தனத்துக்கு, கடைசியில் ஒரு காருக்கு.

புனிதை, தாய், சிறுமி. இந்த வரிசையில் மொர்வில்லோவையும் லோயையும் கொண்டுபோய் நிறுத்தினால் அவர்களும் 'தியாகத்தின் அடையாளம்' ஆவார்கள். சுவருக்கு வேறு மொழி தெரியாது.

அது மட்டுமில்லை, சுவரேற ஒரு தகுதி வேண்டும். இறந்திருக்க வேண்டும். மாஃபியாவை எதிர்த்துப் பேசிவிட்டு உயிரோடு இருந்துவிட்ட பெண்களுக்கு இந்த நகரம் என்ன கொடுத்தது என்று பாருங்கள். ஃபால்கோனேயும் போர்செல்லினோவும் தயாரித்த அந்த மாபெரும் வழக்கு 1986 பிப்ரவரியில் தொடங்கியது. அதில் பாதிக்கப்பட்டோர் தரப்பாகச் சேர்ந்துகொண்ட பெண்களில் இருவர் மிக்கேலா புஷெமியும் பியேரா லோ வெர்சோவும். கொல்லப்பட்ட அதிகாரிகளின் மனைவிகள் அல்ல, ஏழைக் குடியிருப்புகளின் பெண்கள். புஷெமியின் இரண்டு சகோதரர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். லோ வெர்சோவின் கணவர் 1984இல் நடந்த ஒரு கூட்டுக் கொலையில் இறந்தார். லோ வெர்சோ இறைச்சிக்கடை வைத்திருந்தார். வழக்கில் சேர்ந்த பிறகு கடைக்கு ஆள் வருவது நின்றது. புஷெமி பிள்ளைகளைக் கொல்வோம் என்ற மிரட்டல் வந்து, மேல்முறையீட்டுக் கட்டத்தில் விலகிக்கொண்டார். அவர்களோடு நின்றவர்கள் சில பெண்கள் அமைப்புகளும், மாஃபியாவை ஆய்வு செய்யும் இம்பஸ்தாத்தோ மையத்தைச் சேர்ந்தவர்களும்தான். அந்த மையத்தின் ஆன்னா புலீஸி 1990இல் இவர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பைத் தமிழில் 'தனியாக, மாஃபியாவுக்கு எதிராக' எனலாம். இத்தாலிய மொழியில் அந்தத் 'தனியாக' என்ற சொல்லே பெண்பால் பன்மை. தனித்து விடப்பட்டவர்கள் பெண்கள் என்பது இலக்கணத்திலேயே இருக்கிறது; தமிழில் அதைக் கொண்டுவர இன்னொரு சொல் சேர்க்க வேண்டியிருக்கும்.

அந்தக் கடையில் இறைச்சி வாங்காமல் போனவர்கள் கொலைகாரர்கள் இல்லை. நம்மைப் போன்றவர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, இன்று எந்தக் கடைக்குப் போகலாம் என்று யோசித்தவர்கள். இரண்டு தெரு தள்ளி நடந்து வேறு கடையில் வாங்கியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களாகவே இருந்திருப்பார்கள், ஏனென்றால் சமையலுக்கு வாங்குவது பெண்கள் வேலை. இதை மறைத்துவிட்டு, பெண்கள் இயல்பிலேயே அறத்தின் பக்கம் நிற்பவர்கள் என்று நான் எழுதினால் அது பொய்.

ரீட்டா ஆட்ரியாவின் கதையிலும் இந்தக் கசப்பு இருக்கிறது. சிசிலியின் மேற்குப் பகுதியில் பர்த்தான்னா என்ற ஊர். மாஃபியாக் குடும்பம். தந்தையும் அண்ணனும் கொல்லப்பட்ட பிறகு, 17 வயதில் போர்செல்லினோவிடம் போய்த் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். ரோமில் மறைத்து வைக்கப்பட்டாள். போர்செல்லினோ கொல்லப்பட்டு ஒரு வாரத்தில், 1992 ஜூலை 26 அன்று, உயிரை மாய்த்துக்கொண்டாள். அவள் கல்லறையில் வைத்த படத்தைச் சுத்தியலால் அடித்து உடைத்தது பெற்ற தாய்.

ரீட்டாவுக்கு முன்பே சாட்சி சொன்னவர் அவளுடைய அண்ணி பியேரா ஆயெல்லோ. கணவரைத் தன் கண்முன்னே சுட்டுக் கொன்றதைப் பார்த்தவர். அவர் உயிர் பிழைத்தார். பிழைத்ததற்கு விலையாகப் பெயரையும் ஊரையும் முகத்தையும் விட்டார். ஏறக்குறைய 27 ஆண்டுகள் அவர் முகம் வெளியில் தெரியவில்லை. 2018இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றபோதுகூட முகத்தை மறைத்துக்கொண்டுதான் வாக்குக் கேட்டார், வென்றார், அதன் பிறகே முகத்தைக் காட்டினார். இறந்தவர்களின் முகங்கள் நாலு மாடி உயரத்தில் சிரிக்கும் நாட்டில், அதே உண்மையைச் சொன்ன உயிருள்ள பெண்ணுக்கு ஒரு கடவுச்சீட்டு அளவுகூட முகம் அனுமதிக்கப்படவில்லை.

கேள்வி இங்கேதான் எனக்குத் தெளிவாகிறது. நமக்காக ஆபத்தை ஏற்றவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? நன்றி, நினைவு, முகம் என்று பட்டியல் போட்டுப் பழகிவிட்டோம். இவையெல்லாம் அவர்கள் போன பிறகு செலுத்துபவை. கடனாளிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. கடன் கொடுத்தவர் இறந்த பிறகு தவணை கட்டத் தொடங்கலாம். லோ வெர்சோவுக்கு வேண்டியிருந்தது சுவர் இல்லை. வாரம் அரைக் கிலோ இறைச்சி வாங்க, எல்லோரும் பார்க்க அவர் கடைக்குள் நுழையும் இருபது பேர் போதும். அவர்களில் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் ஆபத்தை எடுத்திருப்பார்கள், அவர் சுமை அவ்வளவு குறைந்திருக்கும். ஒருவர் கோபுரம்போல நிற்க வேண்டி வந்ததே சுற்றியிருந்தவர்கள் குனிந்துகொண்டதால்தானே? அப்படிக் குனிந்தவர்களே பிறகு அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறோம்.

பலெர்மோவின் பெண்கள் ஒருமுறை வேறுவிதமாகச் செய்தார்கள். கபாச்சி வெடிப்புக்குப் பிறகான நாட்களில், மார்ட்டா சிமினோ என்ற பெண்ணும் அவருடைய உறவினர்களும் நண்பர்களும் வீட்டிலிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளில் வாசகங்கள் எழுதிப் பால்கனியில் தொங்கவிட்டார்கள். தெருவுக்குத் தெரு அது பரவியது. 'விரிப்புகளின் குழு' என்றே பெயர் வந்தது. போர்செல்லினோ கொல்லப்பட்ட பிறகு வேறு சில பெண்கள் நகர நடுவில் காஸ்தெல்நுவோவோ சதுக்கத்தில் உட்கார்ந்து, பொறுப்பில் இருந்த உயர் அதிகாரிகள் பதவி விலக வேண்டும் என்று மாறி மாறி உண்ணாவிரதம் இருந்தார்கள்.

விரிப்பு என்பது சிசிலியில் சாதாரணத் துணி அல்ல. பெண் பிறந்ததிலிருந்து அவள் சீதனப் பெட்டிக்காகத் தைத்துச் சேர்ப்பது. முதலிரவுக்கு மறுநாள் காலை, மணப்பெண்ணின் கன்னித்தன்மைக்குச் சாட்சியாக, ஊர் பார்க்கத் தொங்கவிடும் வழக்கமும் இருந்தது. ஒரு பெண்ணின் மானத்தை, அதாவது அவள் வீட்டு ஆண்களின் மானத்தை, பறைசாற்றும் கொடி. அந்த மானத்தைச் சட்டமும் காத்தது. பாலியல் வன்முறை செய்தவன் பாதிக்கப்பட்டவளையே கட்டிக்கொண்டால் குற்றம் நீங்கிவிடும் என்று இத்தாலியத் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1965 டிசம்பரில் பலெர்மோவிலிருந்து அதிக தூரமில்லாத அல்காமோவில் கடத்தப்பட்ட ஃபிராங்கா வியோலா அப்படிக் கட்டிக்கொள்ள மறுத்தார். அவர் தந்தை அவரோடு நின்றார். குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்துக்குத் தீ வைத்தார்கள். அடுத்த ஆண்டே அந்த ஆள் சிறைக்குப் போனான். அந்தப் பிரிவு போக 1981 ஆயிற்று. கௌரவத்துக்காகக் கொன்றால் தண்டனை குறைவு என்ற பிரிவும் அதே சட்டத்தால்தான் நீங்கியது. பாலியல் வன்முறையை 'ஒழுக்கத்துக்கு எதிரான குற்றம்' என்ற தலைப்பிலிருந்து எடுத்து, ஒரு மனிதருக்கு எதிரான குற்றமாக்க 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் துணியைத்தான் 1992இல் எடுத்தார்கள். இரத்தக் கறை இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அது தொங்கிய இடம். வீட்டின் பால்கனி. தெருவில் போகிற எவனுக்கும் தெரியும், இரண்டாம் மாடி, இடது பக்கம், இந்தப் பெயர்ப்பலகைக்காரர்கள் என்று. சுவரோவியம் இன்னொருவரின் முகத்தைக் காட்டுகிறது. வரைந்தவரும் பார்ப்பவரும் பின்னால் மறைந்துகொள்ளலாம். அந்த விரிப்பில் யார் முகமும் இல்லை, தொங்கவிட்டவரின் முகவரி இருந்தது. ஒரு தெருவில் ஒரே ஒரு விரிப்பு தொங்கினால் அது ஆபத்து, ஐம்பது தொங்கினால் யாரைப் போய் மிரட்டுவது? இறைச்சிக்கடைக்கு வராமல்போன அந்த இருபது பேர், ஆறு ஆண்டுகள் தாமதமாக வந்து சேர்ந்ததுபோல.

இதை நான் பொன்னாக்கிவிடக் கூடாது. விரிப்பு இயக்கத்தில் முன்னால் நின்றவர்கள் பெரும்பாலும் படித்த, நடுத்தர வர்க்கப் பெண்கள். தெருவைப் பார்த்த பால்கனியும், எழுதத் தெரிந்த கையும், வெளியில் தெரிந்த குடும்பப் பெயரும் ஒருவித பாதுகாப்பு. புஷெமி 1986இல் நீதிமன்றப் படி ஏறியபோது அவருக்கு அது எதுவும் இல்லை. வெடிச்சத்தம் பெரிதாகக் கேட்டு, இறந்தவர் பெரிய மனிதராகவும் இருந்தபோதுதான் விரிப்புகள் வெளியே வந்தன.

இன்னொன்றும் நடந்தது. எதிர்ப்பு என்றால் சடங்காகும்வரை நம் சமூகங்கள் விடாது. ஒவ்வொரு மே 23க்கும் பலெர்மோவில் அரசு மரியாதையோடு நினைவு நாள். 2020இல் பெருந்தொற்று ஊரடங்கு காரணமாக ஊர்வலம் முடியாதபோது, பால்கனிகளில் வெள்ளை விரிப்புகளைத் தொங்கவிடும்படி ஃபால்கோனே அறக்கட்டளை கேட்டுக்கொண்டது. பலர் தொங்கவிட்டார்கள். தொங்கவிட்டவர்களில் உண்மையான துயரம் உள்ளவர்கள் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டபடி, குறித்த நாளில், ஊரே தொங்கவிடுவதில் முகவரி எதையும் வெளிப்படுத்துவதில்லை. சுவரோவியத்தைப் போலவே அதுவும் இறந்தவர்களைப் பார்த்து நிற்கிறது.

அப்படியென்றால் அந்தச் சிரிப்பை அழித்துவிடச் சொல்கிறேனா? இல்லை. லா காலாவில் அது இருக்கட்டும். பள்ளிக்குள் நுழையும் பிள்ளைகள் பார்க்கட்டும். மொர்வில்லோவையும் லோயையும் வரைய யாராவது சுவர் கேட்டால் நான் வண்ணத்துக்குக் காசு தருவேன். ஆனால் அந்த ஓவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மாணவிகளிடம் கேட்க ஒன்று இருக்கிறது. இன்று, உங்கள் ஊரில், யாருடைய கடைக்கு ஆள் போவதில்லை? பேராசிரியர் மீது புகார் கொடுத்த பெண்ணோடு விடுதி உணவு மேசையில் யார் உட்காருகிறார்கள்? அந்தப் பெண் இறந்தால் கல்லூரிச் சுவரில் அவள் படத்தை வரைய நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கும் அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறதா என்பதுதான் தெரிய வேண்டியிருக்கிறது.

பலெர்மோவிலும் அந்தக் கேள்விக்கு இன்றைய பெயர்கள் உண்டு. பால்கனியில் தொங்கும் விரிப்பைத் துவைத்து இஸ்திரி போட்டது யார் என்று கேட்டால், பல வீடுகளில் அது அந்த வீட்டுப் பெண்ணாக இருக்காது. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளவும் வீடு பெருக்கித் துடைக்கவும் வருகிற வேற்று நாட்டுப் பெண்ணாக இருக்கும். ரொசாலியாவின் மலைக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகும் தமிழ்ப் பெண்கள் பலர் செய்வதும் அந்த வேலைதான். அவர்கள் இத்தாலியக் குடிமக்களாக வேண்டுமென்றால், சட்டப்படி 10 ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வாழ்ந்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். அந்த 10ஐ 5 ஆக்கலாமா என்று 2025 ஜூனில் நாடு முழுவதும் வாக்கெடுப்பு நடந்தது. வாக்காளர்களில் பாதிப் பேராவது வந்தால்தான் செல்லும். மூன்றில் ஒரு பங்கினர்கூட வரவில்லை. விரிப்புக்கு இஸ்திரி போட்ட பெண்ணுக்கு அதில் வாக்கு இல்லை.